இடுப்புப் பட்டைக்குப் பொறுப்பாளர்

"என்ன தொழில் பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அவள் எதையும் செய்வதில்லை, விற்பதுமில்லை. வெளிநாட்டுக் கம்பெனி மருத்துவச் சாமான்களை இங்கே விற்க வேண்டுமானால், உள்ளூர் ஆள் ஒருவர் அரசாங்கத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து அவளுடையது. ஏதாவது ஏடாகூடமானால் கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரனைப் பிடிக்க முடியாது, இவளைப் பிடிக்கலாம். "கண்டவனுக்கு விழவேண்டிய திட்டை என் பொண்டாட்டி கூலிக்கு வாங்குறா" என்பான் தையல் கடை வைத்திருக்கும் அவள் கணவன்.

சூடு கொடுக்கும் இடுப்புப் பட்டை செய்கிற கம்பெனி வந்தபோது, அதை விற்கப்போகும் மொத்த வியாபாரி, தானே பொறுப்பாளராகவும் இருப்பேன் என்று குறுக்கே புகுந்தார். அவள் கம்பெனிக்காரரிடம் பட்டென்று சொன்னாள்: "விக்கிறவர் பேர்லயே அனுமதியும் இருந்தா உங்க குடுமி அவர் கையில. நாளைக்கு வேற ஆளுக்கு மாத்தணும்னா விடுவாரா?" கம்பெனி அவளையே வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து வியாபாரி அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெட்டியின் மேல் புகார் சொல்ல ஒரு ஃபோன் நம்பர் போட வேண்டும். ஆபீஸ் ஆபீஸாகக் கால்கடுக்க நிற்கும்போது செல்ஃபோன் அலறினால் தொல்லை என்று வீட்டு நம்பரைக் கொடுத்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

மாதங்கள் ஓடியும் ஒரு புகார்கூட இல்லை. கம்பெனி புகழ்ந்து தள்ளியது. அவளுக்கும் தலைகால் புரியவில்லை. ஒருநாள் ஜலதோஷம் பிடித்து வீட்டில் படுத்திருந்தபோது கூடத்தில் ஃபோன் அடித்தது. மாமியார் எடுத்தார்.

"சுடுதா? ரெண்டாவது பட்டனை எதுக்குக் கண்ணு அமுக்கினே? முதல் பட்டனோட நிறுத்திக்கோ. உள்ள ஒரு துணியை மடிச்சு வை. இடுப்பு வலியோட குனிஞ்சு பெருக்காதே, உன் புருஷனைப் பெருக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமியார் திருப்தியாக ஃபோனை வைத்தார்.

அவள் போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்தாள். "அத்தே, இந்த மாதிரி இன்னும் யாராவது கூப்பிட்டாங்களா?"

"வாரத்துக்கு நாலஞ்சு பேர் கூப்பிடுவாங்க. நீயே அலைஞ்சு களைச்சு வர்றே, உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு நானே பேசி அனுப்பிடுவேன். ஒருத்தர்கூட கோவமா வச்சதில்லை, தெரியுமா?"

வந்த புகாரை எழுதி வைத்து, கம்பெனிக்கும் அரசு ஆபீசுக்கும் உடனே சொல்ல வேண்டும். பொறுப்பாளருக்கு முதல் வேலையே அதுதான். மறைத்தாள் என்று பெயர் வந்தால் மற்றக் கம்பெனிகளுக்குப் போட்ட கையெழுத்தும் போய்விடும், பிழைப்பில் மண் விழும்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவன் சுலபமாக ஒரு வழி சொன்னான். "பழசெல்லாம் யாருக்குத் தெரியும்? இன்னிக்குத்தான் முதல் புகார் வந்துச்சுன்னு சொல்லிடு." அவளும் பாதி தலையாட்டிவிட்டாள்.

மாமியார் தட்டைப் பார்த்தபடியே பேசினார். "போன வாரம் ஒரு பொண்ணு கூப்பிட்டா. பட்டையைக் கட்டிக்கிட்டே தூங்கிட்டாளாம். முதுகு கொப்புளிச்சுப் போச்சுன்னு அழுதா. டாக்டர்கிட்ட போம்மான்னு சொன்னேன். அப்புறம் அவ கூப்பிடவே இல்லை."

அதற்குமேல் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஃபோனில் பதிவாகியிருந்த நம்பர்களையெல்லாம் உட்கார்ந்து அழைத்தார்கள். பட்டையை யாரும் இனிமேல் தொட வேண்டாம் என்றார்கள். கொப்புளம் வந்த பெண்ணும் கிடைத்தாள். புண் ஆறிவருகிறது, தழும்பு நிற்கும் என்றாள். அவள் திட்டிய திட்டையெல்லாம் மருமகள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு ஆபீசுக்குப் போய் ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

"ஃபோனை எடுத்தது யாரு?" என்றார் அதிகாரி.

"யார் எடுத்தா என்ன சார்? நம்பர் என்னோடது. தப்பும் என்னோடது."

பட்டை விற்பனையை நிறுத்தினார்கள். அவளுக்குக் கடுமையான எச்சரிக்கை கிடைத்தது, மற்றக் கையெழுத்துகள் தப்பின. ஆனால் பட்டைக் கம்பெனி அவளைக் கழற்றிவிட்டு, அந்த மொத்த வியாபாரியையே பொறுப்பாளராக்கிக்கொண்டது.

அந்தச் செய்தி வந்த சாயங்காலம் மாமியார் மெல்லக் கேட்டார். "என்னாலதானேம்மா போச்சு?"

அதெல்லாம் இல்லை அத்தே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த வீட்டில் இத்தனை வருஷமும் எல்லோரும் எல்லாவற்றையும் அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறார்கள்.

"ஆமா அத்தே," என்றாள். "உங்களாலயும்தான், என்னாலயும்தான்."

மாமியார் அழுதார். அவளுக்கும் கண்ணீர் வந்தது. அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்ட மாமியார், "அப்போ எனக்கும் ஒரு புகார் இருக்கு, சொல்லலாமா?" என்றார்.

"சொல்லுங்க அத்தே."

"அந்த ஃபோன்ல கூப்பிடறவங்களை விட்டா, பகல் முழுக்க எங்கிட்ட பேச இந்த வீட்ல ஒருத்தரும் இல்லைம்மா."