பாதியில் அடக்கிய விசில்

குக்கர் விசில் கேட்டால் எனக்கு இப்போதும் முதுகில் குளிர் ஏறும். பிறகு சிரிப்பு வரும். இந்த ஒழுங்கு மாறியதே இல்லை. ஒரு சில குளிர்காலங்களுக்கு முன், ஜெர்மனியின் ஹம் நகரில், நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், ஞாயிறு மத்தியானம் ஒன்றில் நடந்தது இது.

அதுவரை எங்கள் வீட்டுக் குக்கர் முழுதாக விசிலடித்ததே இல்லை. நான் விட்டதில்லை. ஆவி திரண்டு மூடிமேல் உள்ள குண்டு மெல்ல ஆடத் தொடங்கும்போதே துணியோடு ஓடிப்போய் இறக்கி வைப்பேன். சற்று ஆறியதும் திரும்ப ஏற்றுவேன், திரும்ப இறக்குவேன். "பருப்பு அவிக்கிறியளோ, பிள்ளை நித்திரையாக்கிறியளோ?" என்று மனைவி கேட்பாள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டோர்ட்மண்டில் ஓர் அறையில் நாலைந்து பேரோடு ஒண்டியிருந்தேன். அங்கே மூத்தவராக இருந்த அண்ணை ஒருநாள் சொன்னார்: "தம்பி, இஞ்ச ஒருத்தன் வெண்டிட்டான் எண்டு எப்ப சொல்லலாம் தெரியுமோ? அவன் இருக்கிறதே பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்கேக்க." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன வார்த்தை. அவர் அப்போதே மறந்திருப்பார். நான் அதை வெற்றியின் சட்டமாக எடுத்துக்கொண்டேன். படிக்கட்டில் பூனை போல நடந்தேன். மீன் பொரிப்பதென்றால், மணம் படிக்கட்டுக்குப் போகாதபடி, ஒரு சிறிய மின்சார அடுப்பைப் பல்கனிக்குக் கொண்டுபோய்ப் பொரித்தேன். இடுப்பில் சாரம் கட்டுவது திரைச்சீலைக்கு உள்ளே மட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே வெறும் போத்தல்களைத் தொட்டியில் போடுவதுகூடத் தப்பு, கண்ணாடிச் சத்தம் கேட்கும். அன்றைக்கு நான் தும்முவதைக்கூடத் தலையணைக்குள் தும்முவேன்.

என்னோடு படித்த ஒருவன் ஜப்பானில் இருக்கிறான். இரண்டு பேரும் தொலைபேசியில் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கதைப்போம். பிற நாட்டில் போய் வாழ்கிறவனுக்கு வெற்றி என்றால் என்ன? அவனுக்கு அங்கே வீடு உண்டு, நல்ல வேலை உண்டு. "எண்டாலும் மச்சான், நான் வாயைத் திறந்து ஒரு வணக்கம் சொன்னாலே, 'அட, என்ன வடிவா எங்கட மொழி கதைக்கிறியள்' எண்டு மெச்சுறாங்கள். அந்த மெச்சல் எண்டைக்கு நிக்குதோ அண்டைக்குத்தான் நான் வெண்டனான்" என்பான்.

"என்னை ஒருத்தரும் மெச்சுறதும் இல்லை, ஏசுறதும் இல்லை. அப்ப நான் வெண்டிட்டன்" என்றேன் ஒருமுறை, பெருமையாக.

"டேய், பேயைப் பற்றியும்தான் ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கிறேல்லை" என்றான்.

அந்த ஞாயிறு மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் வேறு ஊரில் படிக்கிறாள். இரவு முழுக்கப் பனி கொட்டி, தெரு வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. குக்கரில் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது பாட்டுக்கு அவியட்டும், குண்டு ஆடமுன் உள்ளே வந்துவிடலாம் என்று அறக்குளா மீனோடு பல்கனிக்குப் போனேன். சாரம், மெல்லிய சட்டை, கம்பளிக் காலுறை, அதற்குமேல் ரப்பர் செருப்பு. மணம் உள்ளே போகாமலிருக்கக் கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

உள்பக்கக் கைப்பிடி தானாகவே கீழே சரிந்து கதவைப் பூட்டிவிட்டது. அது தளர்ந்து நெடுநாளாயிற்று. வீட்டு நிர்வாகத்துக்குச் சொன்னால் ஒருவர் வந்து முறுக்கிவிட்டுப் போவார். நான் சொல்லவில்லை. கேட்டால்தானே நான் இருப்பது தெரியவரும்.

கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் தெரிந்தது. மேசையில் கைத்தொலைபேசி. சுவர்க் கொக்கியில் சாவி. அடுப்பின் சிவப்பு வளையம். அதன்மேல் குக்கர். குண்டு ஆடத் தொடங்கியது. இறக்க ஆளில்லை.

விசிலடித்தது. முழுதாக, நெஞ்சு நிறைய. எங்கள் வரவேற்பறைக்குள் ஒரு ரயில் வந்து நின்றதுபோல.

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரம் கத்தியிருப்பார்கள். நான் குந்தினேன். பல்கனிச் சுவருக்குக் கீழே தலையை இழுத்துக்கொண்டு குந்தினேன். எதிர்த் தெருவில் ஒரு வயதான தம்பதி நாயோடு போனார்கள். நானோ சாரத்தோடு இருக்கிறேன். எனக்கு முதலில் வந்தது நெருப்புப் பயமல்ல, விசில் பயம். பூச்சட்டி ஒன்றைக் கண்ணாடியில் எறியத் தூக்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் கண்ணாடி உடைக்கிற சத்தமா? மெல்லக் கீழே வைத்தேன். பொரிச்சட்டியின் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு, மீனைப் பிரட்டிப் போட்டேன். மீன் கருகினால் இன்னும் மணக்கும் அல்லவா?

குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. அப்போது வாசல் மணி அடித்தது.

வந்தே விட்டது முறைப்பாடு என்று நினைத்தேன். இத்தனை வருடம் வராதது வந்துவிட்டது. இன்னும் கீழே குந்தினேன். மணி மறுபடி அடித்தது, நீளமாக. பிறகு நின்றது. கொஞ்ச நேரத்தில் விசிலும் நின்றது.

அமைதி. பனி விழுந்த ஞாயிற்றின் சுத்தமான அமைதி. வருடக்கணக்காக நான் ஆசைப்பட்ட அமைதி அதுதான். அதைக் கேட்டதும் எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். குக்கரில் தண்ணீர் வற்றிவிட்டது. மூடியின் ஓரமாக ஒரு மெல்லிய புகைநூல் எழுந்து, அலுமாரிப் பக்கம் வளைந்தது. இப்போது பூச்சட்டியை உண்மையாகவே எறிந்தேன். இரட்டைக் கண்ணாடி. சட்டிதான் உடைந்தது. உள்ளே நாங்கள் சேர்த்துச் சேர்த்து உண்டாக்கிய எல்லாம் இருக்கிறது, மேலே நான்காம் மாடியில் ஆட்கள் இருக்கிறார்கள். கத்த வாயைத் திறந்தேன். வந்த குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. நூலகத்தில் பென்சில் கடன் கேட்பவனின் குரல்.

கீழ்மாடிப் பல்கனிக் கதவு திறந்தது. நரைத்த தலை ஒன்று வெளியே நீண்டு அண்ணாந்து பார்த்தது. கீழ் வீட்டு அம்மா. தனியாக இருப்பவர், ஓய்வு பெற்றவர். என்ன வேலை பார்த்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. படிக்கட்டில் கண்டால் வணக்கம், அவ்வளவுதான். அவர் ஜெர்மனில் பேசியதை எங்கட பேச்சில் எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

"மேல ஆர் நிக்கிறது?"

"நான்தான். சத்தத்துக்கு மன்னியுங்கோ."

"சத்தம் கிடக்கட்டும். மணி அடிச்சனான், ஏன் திறக்கேல்லை?"

"கதவு பூட்டுப்பட்டுட்டுது. வெளியில நிக்கிறன்."

"அடுப்பு?"

"எரியுது."

"அப்ப கத்துங்கோவன், மனுசா! எதுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறியள், திங்கட்கிழமைக்கோ?"

அவர் கையில் தொலைபேசி இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி முடித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வீடு கூட்டும் தும்புத்தடியின் நுனியில் ஒரு கம்பளிப் போர்வையைக் கொழுவி மேலே நீட்டினார். நான் வயிற்றைச் சுவரில் அழுத்திக் குனிந்து எட்டி எடுத்தேன். அப்போதுதான் என்னை முழுதாகப் பார்த்தார்.

"இது என்ன, பாவாடையோ?"

"சாரம். வீட்டில உடுக்கிறது."

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஜனவரிக்கு ஏலாது."

தெருமுனையில் தீயணைப்பு வண்டியின் சங்கொலி கேட்டது. "இப்ப கத்துங்கோ. எந்த வீடெண்டு அவங்களுக்குத் தெரியவேணும்" என்றார். நான் கத்தினேன். "இஞ்ச! இஞ்ச மேல!" வாயில் வந்தது தமிழ். ஹம் நகரத்தின் அந்தத் தெரு இத்தனை பெரிய தமிழைக் கேட்டிருக்காது. ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது. நான் சாரத்தோடும், பூப்போட்ட போர்வையோடும், கையில் மீன் பிரட்டும் கரண்டியோடும் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். நிறுத்த மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சுகமாக இருந்தது.

வந்தவர்கள் வாசற்கதவைத் திறந்த வேகம் எனக்கு இன்றும் புதிர். அடுப்பை அணைத்தார்கள். குக்கரை இடுக்கியால் தூக்கிவந்து பல்கனிப் பனியில் வைத்தார்கள். அது பெருமூச்சு விட்டது. மேலே அலுமாரியின் அடிப்பலகை கறுத்திருந்தது, இன்னும் பற்றவில்லை. "கொஞ்சம் பிந்தியிருந்தால் வேற கதை" என்றார் அவர்களில் மூத்தவர். பிறகு பொரிச்சட்டியைப் பார்த்து, "இதுவாவது தப்பியிருக்கு" என்றார். தட்டில் போட்டு நீட்டினேன். நின்றபடியே சாப்பிட்டார்கள்.

எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டு, புகைக்கு நடுவில் கீழ் வீட்டு அம்மாவும் நானும் நின்றோம். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல்முறை.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது, ஏதோ பிழை எண்டு?"

"ஞாயிற்றுக்கிழமையில உங்கட பானை ஒரு சத்தம் போடும். தும்மல் வந்து பாதியில அடக்கினமாதிரி. அதைக் கேட்டுத்தான் நான் உருளைக்கிழங்கை அடுப்பில வைக்கிறனான், எத்தனையோ வருசமா. இண்டைக்கு அந்தத் தும்மல் நிக்கேல்லை."

நான் ஒளித்து வைத்ததாக நினைத்த ஒவ்வொரு ஞாயிறும் கீழே ஒரு சட்டியில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"மீன் பொரிக்கிறதும்…?"

"மணம் எனக்கு நேரே வரும். பல்கனியில பொரிச்சால் வேற எங்க போகும்? குளிருக்க நிண்டு பொரிக்கிறது உங்கட மதச் சடங்காக்கும் எண்டு நினைச்சன்."

மாலை மனைவி வந்தாள். கறுத்த குக்கரைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள், என்னை முதுகிலும் தோளிலும் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியென்று தெரிந்தபிறகுதான் தொடங்கினாள். "இஞ்சருங்கோ, இவ்வளவு காலம் ஒளிச்சு வைச்ச சாரத்தை ஒரே நாளில முழுத் தெருவுக்கும் காட்டிப்போட்டியளே!" ஜப்பானில் இருப்பவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவன் அதைவிட மோசம். சிரித்து முடிக்கவே நெடுநேரம் எடுத்தான். பிறகு சொன்னான்: "மச்சான், எனக்குக் கீழ இருக்கிறவைக்கு நான் எப்ப சமைக்கிறன் எண்டு தெரியுமோ தெரியாது. நாளைக்குப் போய்க் கேக்கப்போறன்."

அடுத்த நாளே வீட்டு நிர்வாகத்துக்கு அழைத்து, கைப்பிடி தளர்ந்திருக்கிறது என்றேன். என் முதல் முறைப்பாடு. ஒருவர் வந்து முறுக்கிவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை.

வீடு, கடவுச்சீட்டு, பிள்ளையின் படிப்பு என்று வெற்றியை நாங்கள் பல இடத்தில் தேடுகிறோம். நானும் தேடினேன். எனக்கு அது கிடைத்த இடம் கீழ்மாடியின் ஓர் உருளைக்கிழங்குச் சட்டி. என் அடுப்பு பிந்தினால் இன்னொரு அடுப்பும் பிந்துகிறது. ஒரு மனிதன் ஓர் ஊரில் வேர் பிடித்துவிட்டான் என்பதற்கு இதைவிட வேறு சான்றை நான் கேட்கமாட்டேன்.

அந்த வார முடிவில் போர்வையைத் துவைத்து மடித்து, ஒரு தட்டில் மீன் பொரியலும் வைத்துக்கொண்டு கீழே போனேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார். புதுக் குக்கர் வாங்கியாயிற்றா என்று கேட்டார். ஓம் என்றேன். இது பழையதைவிடச் சத்தம் போடும்போலிருக்கிறது, கவனமாக இருப்பேன் என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டுப் படியேறத் திரும்பினேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இனிப் பாதியில நிப்பாட்டாதையுங்கோ. முழுசா அடிக்க விடுங்கோ. எனக்கும் காது மந்தமாகுது."