எஸ்தர்ராணி வீட்டுக் குடங்கள்

எஸ்தர்ராணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவாள் என்று அவளுக்கே தெரியாது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. தலையில் தொப்பி, கையில் உறை. உள்ளே நுழையும்போது நகத்தைப் பார்ப்பார்கள். ஒரு தடவை சூப்பர்வைசர் அவள் கையைத் தூக்கிப் பிடித்து, "நகம்னா இப்படி இருக்கணும்" என்று எல்லோருக்கும் காட்டினார். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு நாலு பேர் முன்னால் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதிலிருந்து வீட்டிலும் எதைத் தொட்டாலும் கழுவ ஆரம்பித்தாள்.

புருஷன் டெனிஸ் லாரி ஓட்டப் போனால் வீடு திரும்ப நாளாகும். எஸ்தர் தெருவில் யாரிடமும் வாய் திறந்து ஓர் உதவி கேட்க மாட்டாள். ஆனால் கேட்காமலே செய்கிற ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். தூறல் விழுந்தால் எஸ்தர் வீட்டுக் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து மடித்து வைப்பாள். சிலிண்டர் வந்தால் வாங்கி உருட்டி வைப்பாள். பெயர் பாலம்மாள். அவள் புருஷன் சங்கரபாண்டியன் ஆடுகளைக் கரிசல் காட்டுக்கு ஓட்டிப் போய்விடுவார். குட்டிகளும் நோஞ்சான் ஆடுகளும் வீட்டில் பாலம்மாள் பொறுப்பு.

அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது. வருகிற தண்ணீருக்கும் மேலே ஏற வேகம் கிடையாது. அதனால் தெருக்குழாயைச் சுற்றி ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைத் தாழ்வாக வெட்டி வைத்திருந்தார்கள். குழிக்குள் இறங்கி, செம்பில் பிடித்து, மேலே இருக்கும் குடத்தில் ஊற்ற வேண்டும். மற்ற நாளெல்லாம் அடிபம்பு உப்புத் தண்ணீர்தான். துவைக்கலாம், கழுவலாம். பாலில் கலந்தால் திரிந்துவிடும்.

குடங்களை முந்தின நாளே வரிசையாகப் போட்டுவிடுவார்கள். வேலைக்குப் போனவர்களின் குடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அடுத்த குடத்துக்காரர் அதை நிரப்பிவிட்டுத்தான் தன்னுடையதைப் பிடிக்க வேண்டும். எஸ்தர் குடங்களுக்கு அடுத்தது எப்போதும் பாலம்மாள் குடங்கள். நிரப்பி, கழுத்துக்குள் விரலை விட்டுத் தூக்கி, எஸ்தர் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்து, தட்டால் மூடிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் அந்தத் தண்ணீரில் ஓர் ஆட்டு மயிர் மிதந்தது. எஸ்தர் அதைப் பாலம்மாளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தண்ணீரைத் துவைக்கிற தொட்டியில் கவிழ்த்தாள். அடுத்த வாரம் மயிர் எதுவும் இல்லை. அப்போதும் கவிழ்த்தாள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி, பாலம்மாள் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "தண்ணி பிடிச்சு வச்சதுக்கு ரொம்ப சந்தோஷம்க்கா" என்று மட்டும் தவறாமல் சொல்லுவாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம். எஸ்தர் வேலை முடிந்து வந்து, வாசலில் இருந்த குடங்களைத் தொட்டியில் கவிழ்த்து, யூனிபார்மை ஊறப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பில் வெறுங்குடத்தோடு பாலம்மாள் உள்ளே வந்துவிட்டாள்.

"ஏட்டி எஸ்தரு, ஒரு குடம் நல்ல தண்ணி குடு. எம்மவ முத்துசெல்வியப் பொண்ணு பாக்க கழுகுமலைல இருந்து சொல்லாம கொள்ளாம வந்துட்டாவ. காப்பி போடணும்."

எஸ்தர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்ல இல்லியாக்கா?"

"எங்கட்டி! உன் குடம் ரொம்புன ஒடனே குழாய் நின்னுபோச்சு. எனக்கு ஒரு செம்பு விழல. சரி, எஸ்தர் வீட்ல இருக்குலான்னு தைரியமா இருந்தேன்."

"தீந்துபோச்சுக்கா."

"தீந்துபோச்சா? மத்தியானந்தான வச்சேன். என்ன, யானைக்கா ஊத்துன?" என்று சிரித்தவள் தொட்டியைப் பார்த்தாள். நுரை பொங்க யூனிபார்ம் ஊறிக்கொண்டிருந்தது. சுவரோரம் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் கேன் முழுசாகத் தெரிந்தது.

பாலம்மாள் சிரிப்பு நின்றது. தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"ஆட்டு வாடையாட்டி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லியிருக்கலாம்லா. துவைக்கதுக்குன்னா அடிபம்புல அடிச்சு வச்சிருப்பேன். எனக்கும் ரெண்டு குடம் கெடச்சிருக்கும்."

கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் எஸ்தரால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கேனைத் தூக்கி வந்தாள். பாலம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றாள்.

"நீயே ஊத்து. நான் தொடல."

கேன் காலியாகும்வரை எஸ்தர் ஊற்றினாள். அவசரத்தில் பாதி தரையில் போயிற்று. பாலம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் முத்துசெல்வி ஒரு பால்கோவா பாக்கெட்டோடு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "அவியளுக்குப் பிடிச்சுப்போச்சாம்க்கா. காப்பி நல்லா இருந்துச்சுன்னு சொன்னாவளாம். இது அவிய கொண்டாந்தது. ஒங்களுக்கு மட்டும் பிரிக்காம அப்படியே குடுக்கச் சொன்னா அம்மா."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எஸ்தர் வாங்கி அடுப்படி மேடையில் வைத்தாள். பிரிக்க மனம் வரவில்லை.

அடுத்த தண்ணீர் நாளுக்கு எஸ்தர் லீவு போட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ராத்திரியே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவள் முறை வந்ததும் குழிக்குள் இறங்கினாள். அடுத்த குடத்துக்காரியாகப் பாலம்மாள் மேலே நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்கப் பெண்கள். சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் ஏறி வரவில்லை.

எதிர்வீட்டுச் செல்வலட்சுமிக்குக் கண் கூர்மை. "என்ன பாலம்மா மைனி, எப்பவும் எஸ்தரு குடத்த நீங்கதான தூக்குவிய? இன்னைக்கு மகாராணி மாதிரி நிக்கிய? சண்டையா?"

எஸ்தரின் கையிலிருந்த செம்பு நின்றது. இப்போது பாலம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"சண்டையுமில்ல ஒண்ணுமில்ல" என்றாள் பாலம்மாள். "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. என்ன எஸ்தரு?"

"ஆமா, அக்காவுக்கு ரெண்டு நாளா முதுகுவலி" என்றாள் எஸ்தர். அவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்.

"அப்பொ நீ எண்ணெய் தேச்சு விடேன்ட்டி. ஒனக்கு எம்புட்டுச் செஞ்சிருக்காவ அவிய!"

"அதெல்லாம் வேண்டாம், செல்வா" என்றாள் பாலம்மாள். "அவ மிட்டாய் பாக்கெட் போடுத கை."

பெண்கள் சிரித்தார்கள். எஸ்தர் குனிந்து, குழாயடியில் செம்பை வைத்தாள். தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. செம்பு நிறைய நேரமாகும். நிறையும்வரை அவள் தலையை நிமிர்த்த வேண்டியதில்லை.