அவள் தலைக்குள் கேட்ட இரைச்சல்

மொபெட்டை ஓட்டியது நான்தான். சூலூரைத் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளியதும், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் மனைவி ரோட்டில் விழுந்தாள். நெற்றியோரம் தையல், மண்டையோட்டின் அடிப்பக்கத்தில் மெல்லிய விரிசல். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் வலது கண் சிவந்து, முழி முன்னுக்குத் தள்ளியது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடைச் சொட்டு வாங்கி ஊற்றினோம். "காதுக்குள்ள யாரோ மூச்சு வாங்கறாப்புல இருக்குதுங்க" என்றாள். பயந்துபோய்க் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவளுடைய மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, அதை என் காதிலும் மாட்டிவிட்டார். நாடித்துடிப்போடு சேர்ந்து புஸ், புஸ் என்று இரைந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கண்ணுக்குப் பின்னால் கிழிந்து, பக்கத்துச் சிரைக்குள் ரத்தம் பாய்கிறது என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். வாய்க்கால் உடைந்து அடுத்த வயலுக்குள் தண்ணீர் போவதுபோல என்று புரிந்துகொண்டேன். தலையைத் திறக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே ஏற்றி, பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் அடைத்தார்கள். இரைச்சல் நின்றது. கண்ணும் பழையபடி ஆனது.

அதன்பின் நான் அவளைச் சும்மா விடவில்லை. எழுந்ததும் கேட்பேன், சாப்பிடும்போது கேட்பேன், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பேன்.

"ஏனுங்க, கண்ணுக்குள்ள எலியா பூந்திருக்குது, இப்படி லைட் அடிச்சுத் தேடறீங்க?" என்பாள்.

ஒரு மாதம் போனதும் தறிக்கு வருகிறேன் என்று நின்றாள். எங்களுடையது எட்டு விசைத்தறி ஓடும் குடோன். ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். லேசான வேலை செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நூல் சுற்றிக் கொடுக்க விட்டேன். அவளோ குடோனை விட்டு வெளியே வருவதே இல்லை. சாப்பாட்டையும் தறிகளுக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டாள். தேறிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஒருநாள் பகலில் கரண்டு போய் எட்டுத் தறியும் நின்றன. திரும்பிப் பார்த்தால், அவள் வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன புள்ள? மறுக்கா வந்துருச்சா?"

"இருவது நாளாச்சுங்க. தறி ஓடுனா கேக்கறதில்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துக்குவீங்க. அப்பறம் நீங்க என்னையப் பாப்பீங்களா, நான் உங்களையப் பாக்கோணுமா?"

அன்றைக்கே மறுபடி கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

சுருள்களுக்குப் பக்கத்தில் கிழிசல் மறுபடி திறந்திருந்தது. இந்தமுறை அந்த ரத்தக்குழாயையே மூட வேண்டி வரலாம் என்றார் டாக்டரம்மா. முதலில் அதற்குள் சின்ன பலூனை ஊதி அடைத்து, விழித்திருக்கும் அவளைப் பேசவும் கையைத் தூக்கவும் சொல்லிப் பார்ப்பார்களாம். மறுபக்க ரத்தம் மூளைக்குப் போதுமென்றால்தான் மூடுவார்களாம். அப்படியும் சிலருக்குக் கைகால் விழுவதுண்டு என்று மறைக்காமல் சொன்னார். அப்படியே விட்டால் பார்வை போகும். கையெழுத்துப் போடும்போது என் பேரின் முதல் எழுத்தையே இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

"மெதுவா எழுத்துக் கூட்டிப் போடுங்க. நான் எங்கயும் ஓடிப்போகல" என்றாள், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி.

வெளியே பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன். பலூன் ஊதியபோது கையைத் தூக்கினாள், என் பேரைக் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள் என்று நர்ஸம்மா வந்து சொன்னார். குழாயை மூடினார்கள்.

மூன்றாம் நாள் வார்டில் கேட்டேன். "நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சுங்க."

டாக்டரம்மாவும் சத்தம் இல்லை என்றார். ஆறு மாதம் கழித்து ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ ஒன்று எடுக்க வேண்டும். அதுவரை அவள் வாய்ச்சொல்தான் எனக்கு.

"இனி வந்தா மறைக்காமச் சொல்லிப்போடோணும் புள்ள."

"பயப்படாமக் கேப்பீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பயப்படுவேன். பயந்துட்டே கேட்டுக்கறேன்."

"சரிங்க" என்றாள்.

நான்கு மாதம் ஆகிறது. இதுவரை அவள் எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன். சில நாள் கேட்காமல் இருக்க முடிகிறது.