போட்டுக்கிறோம்

எனக்கு முன்கோபம். அதனால்தான் டாக்டர் என்னை நோயாளிகளுடன் போனில் பேசும் வேலைக்குப் போட்டார். போனில் மூஞ்சி தெரியாதாம். மூளை போடும் உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருடமாக டாக்டர் அதற்கு மருந்து தேடித்தான் மல்லுக்கட்டுகிறார். சோதித்துப் பார்த்த மூன்று மருந்தும் ஊற்றிக்கொண்டன. இப்போது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது நாலாவது.

மாதம் ஒருமுறை பன்னிரண்டு கேள்வி கேட்பது என் வேலை. எழுத முடிகிறதா, பட்டன் போட முடிகிறதா, படி ஏற முடிகிறதா. கேள்விக்கு நாலு மார்க். எல்லாம் நன்றாக இருந்தால் நாற்பத்தெட்டு. எல்லோருக்கும் மாதம் ஒரு மார்க்காவது கழன்றுவிடும். நேரில் வந்து காட்டுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான்.

அவர்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மட்டும் நாற்பத்தொன்றிலேயே நின்றார். முப்பது வருடம் லிஃப்ட் ஓடும் குழிக்குள் தொங்கியவர். எந்த மாடியில் கதவு உரசுகிறது என்று கீழே நின்றபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம். படி ஏறுகிறீர்களா என்றால், லிஃப்ட்காரன் படியேறினால் தொழிலுக்கே அவமானம் என்பார். நானும் சிரித்துத் தொலைத்துவிட்டு, போன மாத மார்க்கையே போடுவேன். பட்டன்? "அதெல்லாம் போட்டுக்கிறோம்மா." குளியல்? "குளிச்சுக்கிறோம்." சிலர் தங்களைப் பற்றிப் பேசும்போதும் 'நாங்க' என்பார்கள், பணிவாக. இவரும் அந்த ரகம் என்று நினைத்து மூன்றும் நாலுமாகப் போட்டுத் தள்ளினேன்.

ஐந்தாம் மாதத் தாளைப் பார்க்க டாக்டர் என் மேசைக்கு மூன்று தடவை வந்தார். கடுகடுவென்று இருக்கும் மனிதர், அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மெக்கானிக்கின் மனைவியிடம் நானே மாதாமாதம், "குறையவே இல்லைம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மார்க்கை வெளியே சொல்லக் கூடாது. என் வாய் சும்மா இருந்தால்தானே.

ஆறாம் மாதம் நேரில் வர வேண்டிய நாளில் அவர் வரவில்லை. போன் செய்தேன்.

"எப்படிம்மா வர்றது? சட்டையே போட்டுக்கலை. அவளுக்குக் கை உடைஞ்சு போச்சு."

அவளுக்குக் கை உடைந்தால் இவர் ஏன் சட்டை போடவில்லை? அரை நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி இடது கையால் கதவைத் திறந்தார். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. குளியலறையில் அவரைத் தூக்கும்போது இரண்டு பேருமாக விழுந்திருக்கிறார்கள். அவர் வெறும் உடம்பில் துண்டு போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதையே இல்லை. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்திவிட்டேன்.

"சொன்னேனேம்மா. ரெண்டு பேருமா சேர்ந்துதான் போட்டுக்கிட்டோம். பொய் எதுவும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். ஐந்து மாதமாக உண்மையை மட்டுமே சொல்லியிருக்கிறார். யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு கேள்வியையும் ஒவ்வொன்றாக, "நீங்க தனியா" என்று சேர்த்துக் கேட்டேன். கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது.

அங்கிருந்தே டாக்டருக்குச் சொன்னேன். மொத்தம் எத்தனை பேரிடம் இப்படித்தான் கேட்டேன் என்று விசாரித்தார். முப்பத்தாறு என்றேன். அத்தனை பேரையும் முதலிலிருந்து கேட்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

மனைவி சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"குறையலைன்னு நீங்க சொல்லிட்டே இருந்தீங்க. தூக்கத் தூக்க இவர் கனம் கூடிக்கிட்டே போச்சு. எனக்குத்தான் தெம்பு போயிடுச்சுன்னு நினைச்சு, ரெண்டு மாசமா சத்து மாத்திரை வாங்கி முழுங்கிட்டிருக்கேன்."