தோற்க முடியாத ஆட்டம்

ரேஷன் கார்டைத் தேடி மேசை டிராயரைக் குடைந்தபோது இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் கையில் தட்டுப்பட்டன. கார்டை மறந்துவிட்டேன். உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்தாயிற்று. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

மோந்து பார்த்தால் அம்மோனியா வாடை அடிக்கிறது. மூக்குக்கும் வயதாகிவிட்டது போல. கட்டுமாவடி ஐஸ் கம்பெனியில் நானும் ஹக்கீமும் வேலை பார்த்த காலம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகும் போகாது, அம்மோனியா மெஷினும் ஓடாது. காவலுக்கு இருந்த நாங்கள் சிமெண்டுத் தரையில் கரியால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். சீக்கிரம் முடிகிற ஆட்டத்தில் தோற்றவன் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குக் காய் எடுத்து வைப்பான். ஒரு ஆட்டம் மட்டும் மூன்று நாள் இழுத்தது. மூன்று நாள் ஆடியபின் எவனுக்கும் சிரிப்பு வராது.

மூன்றாம் நாள் மதியம், ஹக்கீமின் கடைசிக் காய் பழமாக ஒரே கட்டம்தான். தாயம் விழ வேண்டும், விழவில்லை. எனக்கும் ஒரு காய்தான் பாக்கி. ஆனால் அது பாதி வழியில் கிடந்தது. அப்போதுதான் சொன்னான்.

"மாப்ள, இதுல ஜெயிச்சா சவூதி விசா வந்துரும்னு மனசுல வச்சுக்கிட்டு ஆடுறேன்."

இனி நான் தோற்றாக வேண்டும். கட்டையை உருட்டினேன், பன்னிரண்டு. பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் போட்டே ஆக வேண்டும். இன்னொரு பன்னிரண்டு. யோசித்து ஆடும் ஆட்டமாக இருந்தால் காயைத் தப்பாக நகர்த்தித் தோற்றிருப்பேன். உருட்டுகிற கட்டையை வைத்துக்கொண்டு எப்படித் தோற்பது?

"அழிச்சிருவோம்டா" என்றேன்.

"போடு. விட்டுக் குடுத்தா செல்லாது."

போட்டேன். வேண்டியது மூன்று, மூன்றே விழுந்தது. ஹக்கீம் காலால் கட்டத்தைத் தேய்த்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டான். திருடி மாட்டிக்கொண்டவனாட்டம் நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் விசா வரவில்லை. என் பன்னிரண்டுக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனாலும் மறு வருடம் அவன் விமானம் ஏறும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

இப்போது ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். ஹக்கீம் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். இருவரும் போனில் ஆடுகிறோம், ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை கடைசி உருட்டலில் ஜெயித்துவிட்டேன். இதிலும் எதையாவது மனசில் வைத்து ஆடினானோ என்று உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சுருச்சா? சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன், பாக்கலை மாப்ள" என்றான்.