செம்பு ருசி

மனைவி பழைய பித்தளைச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறியதும், கண்டியில் கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்த வீட்டின் இருட்டு அடுப்படி கண்முன் வந்து நின்றது.

அப்பாவின் தங்கை, புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தார். அத்தை மீன் தொடமாட்டார். அவருக்கு மட்டும் இந்தச் சட்டியில் அம்மா தனியாக ரசம் வைப்பார். பித்தளையில் புளி பட்டு விஷமாகாமல் இருக்க, வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவர் வந்து எங்கள் பாத்திரங்களின் உட்புறத்தை வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டுப் போவார்.

சாப்பிட்டு எழுந்ததும் அத்தைக்கு வாந்தி வரும்.

“வாயெல்லாம் செம்பு ருசியா இருக்குங்க அண்ணி.”

“அப்ப நாளையிலருந்து தங்கத்துல ஆக்கிப் போடவா?” என்பார் அம்மா.

பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அத்தையும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

அத்தை எலும்பும் தோலுமாக ஆன பிறகு, அப்பா அவரைக் கலகெதரவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து சாவுச் செய்திதான் வந்தது.

“மாமி, இன்னைக்கு இதுலயே ரசம் வைக்கவா?” என்று மனைவி கேட்டாள்.

கதிரையில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். “ஐயையோ, அதுல வைக்காத. உள்ளுக்கு ஈயம் இல்ல. புள்ளைங்க வயித்துக்கு விஷம்.”

“எப்போலருந்தும்மா ஈயம் இல்ல?” என்றேன்.

“அதுக்கு நான் எப்ப பூசக் குடுத்தேன்?” என்றார் அம்மா.