மணியத்தின் பெயரில் போன என் குரல்

அந்தக் குரல் என்னுடையது. மணியத்தினுடையது அல்ல.

தேர்தல் முடிந்த மறுநாள் அது உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் குமாரவேல் தொலைக்காட்சியில் பேசியதைப் போலவே ஒருவன் பேசியிருப்பான். கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அண்ணனுக்கும் அத்தைக்கும் அனுப்பியிருப்பீர்கள். பிறகு, "இது நம்ம மணியம் வேலைதான்" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். தவறு! சுங்கை பினாங் அடுக்குமாடியில் யாரிடமும் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத நான்தான் அதைப் பேசினேன்.

கேலி செய்ததற்காக நான் வருந்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமாரவேலிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை... இன்றும் இல்லை, என்றும் இல்லை. என் குற்றம் வேறு. அது அந்தக் குரலுக்குப் பிறகு நடந்தது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை. இப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஐம்பது வயதாகிவிட்டது. ஆனாலும் நான்கு பேர் கூடிவிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டதற்குத் தலையாட்டுவேன், சிரிப்பேன், அவ்வளவுதான். ஆனால் வண்டியின் இருக்கையில் தனியாக உட்கார்ந்துவிட்டால் எனக்குள் ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். மேற்பார்வையாளர் பேசுவார். வானொலியில் விளம்பரம் சொல்லும் பெண் பேசுவாள். குமாரவேலும் பேசுவார். இப்படி ஒரு கிறுக்கு எனக்கு இருப்பது என் மனைவிக்கும் மச்சானுக்கும் மட்டுமே தெரியும்.

குமாரவேல் இரண்டு தவணை எங்கள் தொகுதியில் இருந்தவர். கட்சி அவருக்கு மறுபடி இடம் தரவில்லை. ஆனாலும் அவரை ஒய்.பி. என்றுதான் இன்னமும் அழைப்போம். சட்டமன்றப் பதவியில் இருக்கிறவர்களை அழைக்கிற மரியாதைப் பெயர் அது. பதவி போனாலும் பெயர் போகாது எங்கள் ஊரில்!

பினாங்கு மாநிலத் தேர்தலன்று மாலை, தமிழ் அலைவரிசை ஒன்று அவரை அரசியல் விமர்சகராக உட்கார வைத்தது. நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் கூடிப் பார்த்தோம். கோட்டு போட்டிருந்தார். கையில் பேனா. முன்னால் ஒரு கட்டுத் தாள். அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. எதைக் கேட்டாலும், "இதை நான் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்" என்றார். ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி, "தம்பிக்கு என் வாழ்த்துகள்! இந்த வெற்றி எதிர்பார்த்ததுதான்" என்று கைகூப்பினார். அறிவிப்பாளர் பெண் காதைத் தொட்டுக்கொண்டு, அந்தத் தம்பி தோற்றுவிட்டதாக மெதுவாகச் சொன்னாள். அவர் அசரவில்லை. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

கடையே சிரித்தது. மணியம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அவர் எங்கள் அடுக்குமாடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அங்கே உள்ளவர்கள் பாவம், படிப்பு குறைவு. ஆரம்பப்பள்ளியோடு நின்றவர்கள். கொள்கை, திட்டம் எல்லாம் அவர்களுக்குப் புரியாது. கடைசியாக அரிசி கொடுத்தவன் யாரோ, அவனுக்கே கை தூக்குவார்கள்."

கடையில் சத்தம் நின்றுவிட்டது. கேட்டீர்களா... அவரிடம் அரிசி வாங்கியவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தோம்! மின்தூக்கி பழுதான அன்று அவருடைய அரிசி மூட்டைகளை ஏழாவது மாடிவரை தோளில் சுமந்தவன் நான். கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர் அவர்.

"எனக்கு அரிசியே வரல லா, பிஸ்கட்டுதான் வந்துச்சு. அப்ப நான் யாருக்கு ஓட்டுப் போடணும்?" என்றான் மணியம்.

யாரும் சிரிக்கவில்லை. "சேனல மாத்து, சேனல மாத்து" என்றார் பெருமாள் அண்ணன். அவர் எங்கள் தண்ணீர்ப்பந்தல் குழுவின் தலைவர்.

நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போகிறவன். யாருக்குப் போட வேண்டும் என்று வாரக்கணக்கில் யோசித்துப் போடுகிறவன். ஆறாம் வகுப்புவரை படித்தவனுக்கு மூளை ஆறாம் வகுப்போடு நின்றுவிடுமா? சொல்லுங்கள்!

மறுநாள் மதிய இடைவேளையில், ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டேன். குமாரவேல் வந்துவிட்டார்.

"வணக்கம் நேயர்களே! நம் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்திருக்கும் முதற்கட்ட நிலவரப்படி, கத்தரிக்காய் அமோக முன்னிலையில் இருக்கிறது. இதை நான் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அண்ணன் கத்தரிக்காய்க்கு என் வாழ்த்துகள்! என்னம்மா? தட்டில் விழுந்தது கருவாடா? அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கத்தரிக்காய் தோற்கவில்லை, சட்டியிலேயே ஓய்வெடுக்கிறது. நேற்று அதற்கு அரிசி கொடுத்தவன் நான்தான் என்பதை இந்த நேரத்தில்..."

இரண்டு நிமிடம் பேசினேன். அந்த இரண்டு நிமிடமும் எனக்கு நாக்கு ஒட்டவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. அதைச் சுங்கை பட்டாணியில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். 'என் பேரை மட்டும் சொல்லாதே' என்று எழுதினேன். அவன் ஊரெல்லாம் அனுப்பினான். என் பேரை மட்டும் சொல்லவில்லை. வாக்குத் தவறாதவன்!

சாயங்காலத்துக்குள் அது எங்கள் அடுக்குமாடிக்கே திரும்பி வந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் மணியம்தான் என்றார்கள். வேறு யாரை நினைப்பார்கள்? மணியம் மேடை அறிவிப்பாளன். திருமண விருந்துகளில், கோயில் திருவிழாக்களில் மைக் பிடிப்பவன். நடுநடுவே அரசியல்வாதிகள் மாதிரி பேசிச் சிரிக்கவைப்பான். என் குரலோ ஊரில் யாருக்கும் தெரியாது. பேசாதவனுக்கு ஏது குரல்?

"நான் இல்லண்ணே. சத்தியமா நான் இல்ல" என்றான் மணியம் ஒட்டுக்கடையில்.

"டேய், எங்ககிட்டயே நடிக்காத லா! தே தாரிக் என் கணக்கு, இன்னொரு தடவ அந்தக் கருவாட்டச் சொல்லு!"

பக்கத்து மேசையில் நான் இருந்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் செய்த வேலைக்கு அவனுக்குத் தேநீர் கிடைக்கிறதே என்று! அவன் மாட்டிக்கொள்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் குமாரவேல் அடுக்குமாடிக்கு வந்தார். அவர் கோபப்படவில்லை. எல்லாரிடமும் சிரித்துக் கைகுலுக்கினார். என் தோளையும் தட்டினார். கிளம்பும்போது பெருமாள் அண்ணனிடம், "தைப்பூசம் வருது. இந்த வருசம் யாரு மைக் பிடிக்கிறாங்கன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. அப்புறம் பந்தலப் பத்திப் பேசிக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

பினாங்குத் தைப்பூசம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ரதம் வரும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல்கள் இருக்கும். ஒவ்வொரு பந்தலிலும் ஒலிபெருக்கி வைத்து, வருகிறவர்களைக் கூப்பிட்டு மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள். டத்தோ கிராமாட் சாலையில் எங்கள் பந்தல் இருக்கும். கூடாரம், அரிசி, ஒலிபெருக்கி எல்லாம் குமாரவேலின் உபயம். மைக் மணியத்தினுடையது. பதினோரு வருடம் அவன்தான் பிடித்தான். அங்கே அவன் குரலைக் கேட்டுத்தான் அந்த வருடத்துக் கல்யாணங்களுக்கு அவனை அழைப்பார்கள். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

குழுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரைத்தள மண்டபத்தில் நடந்தது. ஒன்பது பேர். நானும் ஒருவன்; மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்திருந்தார்கள். மணியத்தைக் கூப்பிட்டு, குமாரவேலிடம் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் பெருமாள் அண்ணன்.

"செய்யாததுக்கு எப்படிண்ணே மன்னிப்பு கேக்கறது? செஞ்சிருந்தா நானே மைக்ல சொல்லிருப்பனே! அவ்ளோ நல்லா இருந்துச்சு அது" என்றான் மணியம்.

அவ்வளவு நல்லா இருந்தது என்று சொன்னான்... என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னான்.

அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். "மணியம் வேணாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க. யாரு தூக்கினா, யாரு தூக்கலன்னு இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் தலைவர்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. நான் யோசித்தேன். கையைத் தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க வேண்டும். எட்டுப் பேர் என்னையே பார்ப்பார்கள். என் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பார்கள்...

நான் கையைத் தூக்கினேன்.

ஆம், நான்தான்! குரலும் என்னுடையது, கையும் என்னுடையது. அரிசி கொடுத்தவனுக்குக் கை தூக்குவார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னாரே, அந்த மனிதருடைய கணிப்புகளில் அன்றைக்குப் பலித்தது இது ஒன்றுதான். பலிக்கவைத்தவன் நான். அதற்காக அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வேனா? மாட்டேன்! ஏனென்றால் ஒரு கை உயரவில்லை. பந்தலில் சமைக்கிற பத்மா அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர்.

"எட்டுப் பேரு. முடிஞ்சது" என்றார் தலைவர்.

தைப்பூசத்தன்று மைக்கைக் குமாரவேலே பிடித்தார். வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவதற்குப் பதிலாக, கூட்டம் போன வருடத்தைவிட எவ்வளவு அதிகம் என்று விமர்சனம் செய்துகொண்டிருந்தார். நான் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பத்மா அக்கா. கூட்டத்தில் மணியம் வந்தான். பக்கத்தில் பால்குடம் சுமந்துவிட்டு வந்த மனைவி, தோளில் மகள். எங்கள் பந்தலுக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான்.

மோரை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒன்னு கேக்கறேன், மறைக்காதீங்க. எட்டுப் பேருதான் தூக்கினாங்களாம். தூக்காத அந்த ஒருத்தர் நீங்கதானே?" என்றான்.

நான் அடுத்த குவளையில் மோரை ஊற்றினேன்.

"எனக்குத் தெரியும்ணே. அந்த ரூம்ல வாயத் திறக்காம, யார் வம்புக்கும் போகாம இருக்கற ஆளு நீங்கதான். நீங்க போய் எனக்கு எதிரா தூக்குவீங்களா?"

என் தலை ஆடியது. அந்த ஒருத்தர் நான்தான் என்று ஆடியது! ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை நான்... தலையை மட்டும் ஆட்டினேன். அவன் என் கையைப் பிடித்து, இரண்டு கைகளாலும் பிடித்து, அழுத்தினான். "மறக்கமாட்டேண்ணே" என்றான்.

பத்மா அக்கா இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போன பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆளுங்க நிக்கறாங்க தம்பி. ஊத்து" என்றார்.

அடுத்த தேர்தலில் குமாரவேல் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் மறுபடியும் பேசுவேன். இன்னும் நன்றாகப் பேசுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது பழி யார்மேல் விழும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது.

மணியத்துக்கு அந்த வருடம் கல்யாணங்கள் வரவில்லை. இப்போது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை கட்டுகிறான். என் கிடங்கும் அந்தப் பக்கம்தான். தினமும் காலையில் ஒரே ஃபெரியில் போகிறோம். என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே, "அண்ணே!" என்று கையை ஆட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். கூட வேலை செய்கிறவர்களிடம், "எனக்காக நின்ன ஒரே மனுசன்" என்று என்னைக் காட்டுவான்.

நான் பேசாதவன் என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசுகிறான். மைக்கில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் என்னிடம் சொல்கிறான். அக்கரை போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.